ஒரு நாட்டின் போன் நம்பரை நீட்டுவது எப்படி? எல்லையோரத்திலிருந்து ஒரு முழு வழிகாட்டி

"இனிமேல் மொபைல் நம்பருக்குப் பதினோரு இலக்கமாம்" என்று ஒரு செய்தி சில ஆண்டுக்கு ஒருமுறை குடும்பக் குழுவில் வந்து விழும். 2018-இல் பதிமூன்று இலக்கம் என்றார்கள். விசாரித்தால், இயந்திரங்களுக்குள் போடும் சிம்முக்கு மட்டும் பதிமூன்று, மனிதர்களுக்கு அதே பத்துதான். 2020 மே மாதம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு பரிந்துரை வெளியிட்டது. பதினோரு இலக்க யோசனையை அலசிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தார்கள். செய்தியிலோ அது "பரிந்துரைத்தார்கள்" என்று வந்துவிட்டது, ஓரிரு நாளில் டிராயே மறுக்க வேண்டியதாயிற்று.

வதந்தி அடங்கிவிடும். ஆனால் நிஜமாகவே ஒரு நாடு தன் நம்பர்களை நீட்ட முடிவு செய்தால் என்னென்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில், எங்கே சறுக்கும் என்பதை யாரும் நிதானமாக எழுதிப் பார்த்ததில்லை. பல நாடுகள் இதைச் செய்து முடித்திருக்கின்றன. அவற்றை வைத்து இதை எழுதுகிறேன். பாலக்காட்டின் தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கத்தையும் நடுநடுவே இழுப்பேன். ஒரே சட்டைப்பையில் கேரள சர்க்கிள் (மொபைல் சேவைப் பகுதி) சிம்மும் தமிழ்நாட்டு சிம்மும் இருக்கிற ஊர்களில்தான் நம்பர் மாற்றத்தின் எல்லாக் குளறுபடியும் முதலில் தெரியும்.

படி 1: பஞ்சம் நிஜம்தானா என்று பாருங்கள்

பத்து இலக்கத்தில், 6, 7, 8, 9-இல் தொடங்குபவை மட்டும் மொபைலுக்கு என்று வைத்தால் 400 கோடி எண்கள் வரும். நாட்டில் மொபைல் இணைப்புகள் நூறு கோடியைத் தாண்டி ஓடுகின்றன. அப்புறம் எங்கிருந்து வருகிறது பஞ்சம்? எண்ணை ஒவ்வொன்றாக யாருக்கும் கொடுப்பதில்லை, அடுக்கடுக்காகக் கொடுக்கிறார்கள். முதல் ஐந்து இலக்கம் ஒரு கம்பெனிக்கு, ஒரு சர்க்கிளுக்கு என்று ஒதுக்கினால் ஒரே வீச்சில் ஒரு லட்சம் எண் போய்விடும். அதில் முக்கால்வாசி விற்காமல் கிடந்தாலும் பக்கத்து சர்க்கிள்காரன் தொட முடியாது. நாட்டை 22 சேவைப் பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பல கம்பெனிகளுக்கு இப்படிக் கொடுத்து, நடுவில் சில கம்பெனிகள் மூடியும் போனால் கணக்கு எப்படி உதிரும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே முதலில் எடுக்க வேண்டியது கணக்கு. எத்தனை எண் ஒதுக்கினோம், எத்தனை உயிரோடு இருக்கிறது, எத்தனை சும்மா கிடக்கிறது, எத்தனை இயந்திரத்துக்குள் இருக்கிறது. இந்தக் கணக்கு இல்லாமல் நீட்ட இறங்கும் நாடு, தேவையில்லாத வேலையை ஊர் முழுக்கச் சுமத்துகிறது என்பது என் எண்ணம்.

படி 2: நீட்டாமல் தப்பிக்க முடியுமா

முடிந்தால் அதுவே நல்லது. வழிகள் சில உண்டு. பயன்படாத அடுக்குகளைத் திரும்ப வாங்கலாம். துண்டித்த எண்ணைச் சிறிது காலம் ஆறப்போட்டு வேறொருவருக்குத் தரலாம். நம் நாட்டில் குறைந்தது 90 நாள் ஆறப்போடுகிறார்கள் (பழைய உரிமையாளரின் வங்கிச் செய்தி புதியவருக்கு வரும் கூத்து இதனால்தான், ஆறப்போடும் காலம் இன்னும் நீளமாக இருந்தால் தேவலை). இயந்திரங்களைத் தனி நீளத்துக்குத் தள்ளிவிடலாம். பதிமூன்று இலக்கத்தைக் கொண்டுவந்தது இதற்காகத்தான். மீட்டரும் வண்டியில் பொருத்தும் கருவியும் யாருக்கும் நம்பர் சொல்லப் போவதில்லை, அவற்றுக்கு நீளம் ஒரு பொருட்டே இல்லை.

நம்மவர்கள் செய்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது 2021 ஜனவரி 15-இல் வந்த மாற்றம். லேண்ட்லைனில் இருந்து மொபைலுக்குப் போட்டால் முன்னால் 0 சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். யாருடைய நம்பரும் மாறவில்லை. அதனால் 254.4 கோடி எண்கள் கூடுதலாகத் திறக்கும் என்று கணக்குச் சொன்னார்கள். அது எப்படி? லேண்ட்லைனில் நீங்கள் ஒரு இலக்கத்தை அழுத்திய உடனே எக்ஸ்சேஞ்ச் யோசிக்கத் தொடங்கிவிடும், இது உள்ளூர் நம்பரா, மொபைலா என்று. உள்ளூர் நம்பர்கள் 2, 3, 4 போன்ற இலக்கங்களில் தொடங்குவதால் அந்த இலக்கங்களில் மொபைல் நம்பர் கொடுத்தால் எக்ஸ்சேஞ்ச் குழம்பும். முதலில் 0 வந்துவிட்டால் "இது உள்ளூர் இல்லை" என்று உடனே தெரிந்துவிடும், அதற்குப் பின்னால் எந்த இலக்கம் வந்தாலும் மோதாது. அன்று மாட்டுப் பொங்கல். லேண்ட்லைனைத் தொட்டவர் எத்தனை பேர் இருந்திருப்பார்களோ.

படி 3: இலக்கத்தை எங்கே சேர்ப்பது என்று முடிவெடுங்கள்

இங்கேதான் நிறைய மூளையைச் செலவழிக்க வேண்டும். பாக்கிப் படிகள் எல்லாம் உழைப்பு, இது ஒன்றுதான் கணக்கு.

விதி ஒன்று: பழைய நம்பரைப் பார்த்தாலே புதிய நம்பர் என்ன என்று யாரையும் கேட்காமல் சொல்ல முடிய வேண்டும். சிங்கப்பூர் 2002 மார்ச் 1-இல் ஏழு இலக்க லேண்ட்லைன் எண்களின் முன்னால் 6 சேர்த்து எட்டாக்கியது. முடிந்தது கதை, ஒரு குழந்தையும் சொல்லும். கத்தார் 2010 ஜூலை 28-இல் முதல் இலக்கத்தையே இரட்டிப்பாக்கியது, 4-இல் தொடங்கியது 44 ஆனது, 5-இல் தொடங்கியது 55 ஆனது. எங்கள் பக்கத்தில் கத்தாரில் ஆள் இல்லாத வீதி குறைவு. ஒரு வரியில் சொல்லிப் புரியவைக்க முடிகிற விதி என்பதால் பாலக்காட்டுப் பாட்டிகளுக்கும் அது ஏறியிருக்கும். குவைத் 2008 அக்டோபர் 17-இல் வேறு மாதிரி செய்தது. லேண்ட்லைனுக்கு 2, மொபைலுக்குக் கம்பெனியைப் பொறுத்து 9, 6, 5. இதில் ஒரு சிக்கல், கூப்பிடுகிறவருக்கு எதிராளி எந்தக் கம்பெனி என்று தெரிந்திருக்க வேண்டும். ஐவரி கோஸ்ட் 2021 ஜனவரி 31-இல் எட்டைப் பத்தாக்கியபோதும் கம்பெனி வாரியாக 01, 05, 07 என்றுதான் சேர்த்தது. அங்கே பழைய நம்பரின் தொடக்கத்தை வைத்தே கம்பெனியைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால் தப்பித்தார்கள்.

நம் நாட்டில் அது செல்லாது. நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி 2011-இல் வந்தது, 2015 ஜூலையில் சர்க்கிள் தாண்டியும் வந்துவிட்டது. பொள்ளாச்சியில் குடியிருப்பவரிடம் கேரள நம்பர் இருக்கும், அதுவும் வாங்கிய கம்பெனியில் இருக்காது. ஆகவே விதியை நம்பரின் முகத்தை மட்டும் வைத்து எழுத வேண்டும், ஆள் எங்கே இருக்கிறார், யாரிடம் பில் கட்டுகிறார் என்பதை வைத்து எழுதக் கூடாது.

விதி இரண்டு, இது இன்னும் முக்கியம்: புதிய நம்பரின் தொடக்கம் எந்தப் பழைய நம்பரின் தொடக்கத்தோடும் மோதக் கூடாது. ஒரு ஊரில் ஏழு இலக்க நம்பர்கள் இருக்கின்றன, 2-ஐ முன்னால் சேர்த்து எட்டாக்குகிறீர்கள் என்று வையுங்கள். 2345678 என்பது 22345678 ஆகிறது. அதே ஊரில் ஏற்கெனவே 2234567 என்று ஒருவர் இருந்தால்? புதிய நம்பரைப் போடுகிறவரின் ஏழாவது இலக்கம் வந்ததுமே பழைய எக்ஸ்சேஞ்ச் "நம்பர் முடிந்தது" என்று அந்த 2234567-காரர் வீட்டில் மணியடித்துவிடும். எட்டாவது இலக்கம் காற்றில் போகும். இதற்கு மாற்றாகச் சில நொடி காத்திருந்து இன்னொரு இலக்கம் வருகிறதா என்று பார்க்கச் சொல்லலாம், ஆனால் அந்தச் சில நொடி ஒவ்வொரு அழைப்பிலும் சேரும். மொபைலில் இந்தத் தொல்லை இல்லை, நீங்கள் முழுவதும் அடித்துப் பச்சைப் பொத்தானை அழுத்திய பிறகே மொத்த எண்ணும் ஒன்றாகப் போகிறது, நீளம் எவ்வளவு என்று வலையமைப்புக்குத் தெரியும். ஒவ்வொரு இலக்கமாக வந்து விழும் லேண்ட்லைனில்தான் தலைவலி.

மோதலை முற்றாகத் தவிர்க்க வேண்டுமானால் இதுவரை யாரும் பயன்படுத்தாத ஒரு தொடக்க இலக்கம் காலியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் அதைக் காலி செய்ய வேண்டும். பிரிட்டன் இதைத்தான் செய்தது. லண்டனின் ஊர்க் கோடு (நம்பருக்கு முன்னால் போடும் ஊர் எண்) 01. 1990 மே 6-இல் அதை 071, 081 என்று இரண்டாகப் பிரித்தார்கள், அதனால் 01 என்ற தொடக்கம் காலியானது. ஐந்து ஆண்டு கழித்து, 1995 ஏப்ரல் 16-இல், நாடு முழுவதற்கும் 0-க்குப் பின்னால் 1 சேர்த்தார்கள். எல்லா ஊர்க் கோடும் 01-இல் தொடங்கியது, பழைய கோடு எதுவும் 01-இல் இல்லாததால் முந்தைய ஆண்டிலிருந்தே பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் ஓட முடிந்தது. கணக்குப் பார்த்தால் அழகான வேலை.

அழகு லண்டன்காரர்களுக்கு மட்டும் தெரியவில்லை. 071 என்பது 0171 ஆகி, 2000 ஏப்ரல் 22-இல் மறுபடி மாறி 020 ஆனது, பழைய 7 உள்ளூர் நம்பரின் முதல் இலக்கமாக இறங்கியது. பத்தாண்டுக்குள் மூன்று தடவை கடைப் பலகையை மாற்றியவர்களின் வயிற்றெரிச்சல் சும்மா விடுமா? இன்றைக்கும் அங்கே பலர் 020 என்று நிறுத்தாமல் 0207 என்றே எழுதுகிறார்கள்.

படி 4: எத்தனை இலக்கம்

சர்வதேச வரம்பு ஒன்று இருக்கிறது. ஐநாவின் தொலைத்தொடர்பு ஒன்றியம் வைத்திருக்கும் இ.164 விதிப்படி, நாட்டின் கோடும் சேர்த்து ஒரு நம்பர் 15 இலக்கத்தைத் தாண்டக் கூடாது. முன்பு 12 தான். 1996 டிசம்பர் 31 நள்ளிரவோடு 15 ஆனது, அதற்குள் உலக எக்ஸ்சேஞ்சுகள் எல்லாம் தயாராக வேண்டும் என்று முன்கூட்டியே தேதி குறித்திருந்தார்கள். நமக்கு 91-உம் பத்தும் சேர்த்து 12. ஒன்று கூட்டினால் 13, வரம்புக்குள் தாராளமாக நிற்கும்.

ஒரு இலக்கம் கூட்டினால் இடம் பத்து மடங்காகும், அதற்கு மேல் பேராசை வேண்டாம். மனிதர்கள் சொல்லி, கேட்டு, எழுதும் எண் இது. ஜப்பான் 1999 ஜனவரி 1-இல் மொபைலைப் பதினொன்றாக்கியதோடு நிறுத்திக்கொண்டது. வியட்நாம் கதை தலைகீழ்: பதினோரு இலக்க மொபைல் எண்களை 2018 செப்டம்பர் 15 முதல் பத்தாகக் குறைத்தார்கள். இரண்டு விதமான நீளம் ஒரே நாட்டில் ஓடினால் ஜனங்களுக்கும் கம்ப்யூட்டருக்கும் தொல்லை என்று தெரிந்துகொண்டு சரிசெய்த வேலை அது.

படி 5: நாள் குறித்தல்

விடுமுறையில் வையுங்கள், அழைப்பு குறைவாக இருக்கும் இரவில் வையுங்கள். பிரிட்டனின் 1995 தேதி ஈஸ்டர் ஞாயிறு. குவைத்தின் தேதி வெள்ளிக்கிழமை. ஐவரி கோஸ்ட்டும் பிரேசிலின் சாவ் பாவ்லோவும் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தன. குறித்த தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். ஒருமுறை தள்ளிப்போட்டால் அடுத்த தேதியை ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

நாடு முழுக்க ஒரே நாளிலா, பகுதி பகுதியாகவா? பிரேசில் பெரிய நாடு. மொபைல் நம்பரின் முன்னால் 9 சேர்க்கும் வேலையை 2012 ஜூலை 29-இல் சாவ் பாவ்லோ பகுதியில் தொடங்கி 2016 நவம்பரில்தான் முடித்தார்கள். எக்ஸ்சேஞ்ச் ஊழியர்களுக்கு இது வசதி. முதல் பகுதியில் வந்த பிழையை அடுத்த பகுதியில் திருத்தலாம். எல்லையோரத்துக்காரன் கண்ணில் பார்த்தால் எனக்கு இது பிடிக்கவில்லை. கேரளம் ஜனவரியில், தமிழ்நாடு ஏப்ரலில் என்று வைத்தால் நடுவில் மூன்று மாதம் மீனாட்சிபுரத்துத் தேங்காய் வியாபாரி தன் போனில் இருக்கும் ஐந்நூறு பெயரில் யார் எந்த சர்க்கிள் என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மொபைலுக்கு ஒரே நாள், லேண்ட்லைனுக்கு வேண்டுமானால் பகுதி பகுதியாக, இதுதான் இங்கே சரிப்பட்டு வரும்.

படி 6: எக்ஸ்சேஞ்சுக்குள்

இது இன்ஜினியர்கள் வேலை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம்பரைப் பார்த்து எங்கே அனுப்புவது என்று தீர்மானிக்கும் பட்டியல்கள், கம்பெனி மாறியவர்களின் தரவுத்தளம், பில் போடும் மென்பொருள், குறுஞ்செய்தி மையம், ஒட்டுக்கேட்புக்கான சட்டப்படியான ஏற்பாடு, எல்லாவற்றிலும் புதிய நீளம் ஏற வேண்டும். 100, 108, 112 போன்ற அவசர எண்களின் தொடக்கத்தில் புதிய நம்பர்கள் உரசவே கூடாது. மாற்றம் நடக்கும் இரவில் முதலில் சோதிக்க வேண்டியதும் அவைதான்.

வெளிநாட்டை மறப்பதுதான் வழக்கமான சறுக்கல். ஒரு நாடு மாற்றம் செய்தால் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அறிவிப்பு இதழ் வழியாக உலகத்துக்குச் சொல்ல வேண்டும், அதைப் பார்த்து ஒவ்வொரு வெளிநாட்டுக் கம்பெனியும் தன் பட்டியலைத் திருத்த வேண்டும். யாரோ ஒருவர் திருத்தாமல் விட்டால் அங்கிருந்து வரும் அழைப்பு "எண் தவறு" என்று திரும்பிவிடும், நம் எக்ஸ்சேஞ்சுக்கு அது தெரியவே தெரியாது. வாரா வாரம் துபாயில் இருந்து வரும் அழைப்பு ஒரு வாரம் வராமல் போனால் இங்கே வீட்டில் என்னென்ன நினைப்பார்கள்! ஆறு மாதத்துக்கு முன்பே சொல்லி, பெரிய நாடுகளில் இருந்து சோதனை அழைப்பும் போட்டுப் பார்க்க வேண்டும்.

படி 7: எக்ஸ்சேஞ்சுக்கு வெளியே

நம்பர் எக்ஸ்சேஞ்சில் மட்டும் இல்லை. அது விண்ணப்பப் படிவத்தில் பத்துக் கட்டமாக அச்சாகியிருக்கிறது. வங்கிக் கணக்கில், ஆதாரில், ரேஷன் கார்டில், சமையல் எரிவாயு பதிவில், பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருக்கிறது. எங்கோ ஒரு ஆள் எழுதிய மென்பொருளில் "பத்து இலக்கம் இல்லையென்றால் ஏற்காதே" என்ற ஒரு வரியில் இருக்கிறது. இந்த ஒரு வரியால்தான் நிறைய இடம் முடங்கும். புதிய நம்பரை ஏற்காத செயலியில் ஓடிபி வராது, ஓடிபி இல்லாமல் இன்று சம்பளமும் இல்லை சாப்பாடும் இல்லை.

அரசுகள் இந்தப் பக்கத்தைக் குறைத்து எடைபோடுகின்றன என்பது என் புகார். அமெரிக்காவில் 1995-இல் நடந்ததைப் பாருங்கள். அங்கே அதுவரை ஊர்க் கோடுகளின் நடு இலக்கம் 0 அல்லது 1 ஆகத்தான் இருக்கும். இடம் தீர்ந்ததால் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு அலபாமாவுக்கு 334, வாஷிங்டன் மாநிலத்துக்கு 360 என்று கொடுத்தார்கள். நீளம்கூட மாறவில்லை. தொலைபேசிக் கம்பெனிகள் தயாராகத்தான் இருந்தன. ஆனால் அலுவலகங்களிலும் ஓட்டல்களிலும் மாட்டியிருந்த பழைய உள் எக்ஸ்சேஞ்சுகளுக்கு 334 என்பது ஒரு கோடு என்றே புரியவில்லை, "தவறான எண்" என்று உள்ளேயே நிறுத்திவிட்டன. அலபாமாக் கடைக்காரர்களுக்கு வாடிக்கையாளர் அழைப்பு ஏன் குறைந்தது என்று கண்டுபிடிக்கவே நேரம் பிடித்தது.

நம் பக்கத்தில் அதற்குச் சமமானது ஓட்டலோ அலுவலகமோ இல்லை, தென்னந்தோப்பு. கொழிஞ்சாம்பாறையிலும் பொள்ளாச்சியிலும் மோட்டார் ரூமில் மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறார்கள், அதற்குள் ஒரு சிம். வீட்டில் இருந்தபடியே அந்த நம்பருக்கு ஒரு கால் போட்டால் மோட்டார் ஓடும். யாருடைய நம்பரில் இருந்து வந்தால் ஓட வேண்டும் என்பதையும் அதற்குள் பதிந்து வைத்திருப்பார்கள். நாளைக்கு நம்பர் நீண்டால் முதலாளியின் புதிய நம்பரைப் பெட்டிக்கு அடையாளம் தெரியாது, "யாரோ" என்று சும்மா இருந்துவிடும். கரண்டு வருகிற நேரத்தில் தண்ணீர் பாயாது. பெட்டியைப் பொருத்திய எலக்ட்ரீஷியன் ஒருவர்தான் அந்த வட்டாரத்துக்கே, ஒரே வாரத்தில் எல்லாத் தோப்புக்கும் அவர் எப்படிப் போவார்? லிப்டுக்குள் இருக்கும் அவசர அழைப்பு, கடையின் திருட்டு அலாரம், இவையும் இதே சாதி. யாரும் கையால் போடாத அழைப்புகள் எங்கெங்கே இருக்கின்றன என்று மாற்றத்துக்கு ஓராண்டு முன்பே பட்டியல் எடுக்கச் சொல்ல வேண்டும்.

வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் நம்பர்தான் கணக்கின் அடையாளம். எக்ஸ்சேஞ்ச் மாறிய அன்றே அந்தக் கம்பெனிகளும் தங்கள் பக்கத்தில் மாற்றினால் ஒழிய, உங்கள் பழைய உரையாடல் ஒரு பெயரிலும் புதிய ஆள் இன்னொரு பெயரிலும் கிடக்கும். 1995-இல் பிரிட்டனுக்கு இல்லாத தொல்லை இது. இன்று நம்பர் நீட்டும் நாடு அந்தக் கம்பெனிகளையும் ஆரம்பத்திலேயே மேசைக்கு அழைத்தாக வேண்டும்.

படி 8: இரண்டையும் ஓடவிட்டு, பிறகு பழையதை நிறுத்துங்கள்

முதல் கட்டம், பழையதைப் போட்டாலும் புதியதைப் போட்டாலும் இணைப்பு கிடைக்கும். வியட்நாம் இதற்கு இரண்டு மாதம் கொடுத்தது. இரண்டாம் கட்டம், பழையதைப் போட்டால் இணைப்பு கிடைக்காது, ஒரு குரல் வந்து புதிய நம்பர் எப்படி என்று சொல்லும். மூன்றாம் கட்டம், பழைய நம்பர் செத்துவிட்டது. இரண்டாம் கட்டத்தை நீளமாக வைப்பது நல்லது. முதல் கட்டத்தில் எல்லாம் ஓடுவதால் யாரும் எதையும் மாற்ற மாட்டார்கள், குரல் வரத் தொடங்கியதும்தான் கை போனுக்குள் போகும். படி 3-இல் சொன்ன மோதல் இருந்தால் முதல் கட்டமே கிடையாது, நள்ளிரவில் ஒரே வெட்டு.

அந்தக் குரல் எந்த மொழியில் பேசும்? கேரள சர்க்கிள் என்றால் மலையாளம், ஆங்கிலம், இந்தி என்று வைத்து முடித்துவிடுவார்கள். பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவிலும் தேவிகுளம், பீர்மேடு பக்கத்துத் தோட்ட லயங்களிலும் தமிழ் மட்டும் தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். ஆந்திரத்துச் சித்தூரிலும் அப்படியே, அங்கே தெலுங்குக் குரலைக் கேட்டுவிட்டு "லைன் கிடைக்கலை" என்று வைத்துவிடுவார்கள். எல்லைத் தாலுகாக்களுக்கு அறிவிப்பிலும் நோட்டீஸிலும் தமிழையும் சேர்க்க வேண்டும். பெரிய செலவில்லை, ஒரு நிமிட ஒலிப்பதிவு.

சரி, நம் வீட்டிலும் கடையிலும் என்ன செய்வது

நாளைக்கே வராது, பதற வேண்டாம். ஆனாலும் சிலவற்றை இப்போதே செய்து வைப்பது லாபம்தான்.

போனில் எல்லா நம்பரையும் +91 போட்டுச் சேமியுங்கள், லேண்ட்லைனை எஸ்டிடி கோடோடு சேமியுங்கள். +91-க்குப் பின் பத்து இலக்கம் என்று ஒரே வடிவில் இருந்தால், மாற்றம் வரும் நாளில் ஒரு செயலி உங்கள் பட்டியல் முழுவதையும் ஒரு நிமிடத்தில் திருத்திவிடும். சில 0 போட்டும் சில வெறுமனேயும் சில இடைவெளி விட்டும் கிடந்தால் கையால்தான் உட்கார வேண்டும். வெளியாள் அனுப்பும் திருத்தும் செயலியை நம்பி உங்கள் தொடர்புப் பட்டியலைக் கொடுத்துவிடாதீர்கள். இப்படி ஒரு மாற்றம் வந்தால் ஏமாற்றுக்காரர்களுக்கும் அது சீசன்தான், "உங்கள் நம்பரைப் புதிய இலக்கத்துக்கு மாற்ற ஓடிபி சொல்லுங்கள்" என்று நிச்சயம் அழைப்பு வரும். நம்பரை நீட்டுவது எக்ஸ்சேஞ்சில் நடக்கும் வேலை, அதற்கு உங்கள் ஓடிபி எதற்கு?

எஸ்டிடி பூத் காலத்தில் இந்தப் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் கோடு மனப்பாடமாக இருக்கும்: பாலக்காடு 0491, எங்கள் சித்தூர் 04923, பொள்ளாச்சி 04259, கோவை 0422. கோடு நீளமானால் உள்ளூர் நம்பர் சிறியதாக இருக்கும், 0-ஐ விட்டு எண்ணினால் எல்லாம் கூட்டிப் பத்துதான். தமிழ்நாட்டுக்குள் கோவையைப் பிடிக்க 0-க்குப் பதில் 95 சேர்த்து 95422 என்று போட்ட காலமும் உண்டு, பழைய விசிட்டிங் கார்டுகளில் இன்னும் அப்படியே இருக்கும். 2025 பிப்ரவரியில் டிராய் செய்திருக்கும் பரிந்துரை, லேண்ட்லைனில் இருந்து பக்கத்து வீட்டு லேண்ட்லைனுக்குப் போட்டாலும் 0, கோடு, நம்பர் என்று முழுதாகப் போட வேண்டும் என்கிறது. அதிலும் யார் நம்பரும் மாறாது, போடும் முறை மட்டும் மாறும். கடைப் பலகையோ ஆட்டோவின் பின்பக்கமோ கோயில் நோட்டீஸோ, லேண்ட்லைன் நம்பர் எழுதும்போது கோடு சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். பலகை எழுதுகிறவரிடம் நம்பரின் இடப்பக்கம் ஓரிரு இலக்கத்துக்கு இடம் விடச் சொல்வதும் கெட்ட யோசனை இல்லை, இதுவரை நாடுகள் பெரும்பாலும் முன்னால்தான் சேர்த்திருக்கின்றன.

மோட்டார் ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்கள் அதில் நம்பர் பதியும் முறையை எலக்ட்ரீஷியனிடம் ஒருமுறை கேட்டு, பெட்டி மூடியின் உள்பக்கமே எழுதி ஒட்டிவிடுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அங்கே எழுதாதீர்கள்.